மைக் இல்லாத மேடை

"மைக் எங்க? மைக்கையே காணோமே!"

அரங்கத்துக்குள் நுழைந்ததும் கொளஞ்சிநாதன் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான். மேடையில் கறுப்பாக, பளபளவென்று ஒரு பெரிய பியானோ மட்டும் நின்றது.

மாமா, நெய்வேலியில் இசைப்பிரியாவுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர். அவளுடைய அக்கா அருள்மொழி சென்னையில் பாடப்போகிறாள் என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு, விடியற்காலை பஸ்ஸிலேயே இவர்களோடு கிளம்பிவிட்டார்.

"ரிப்பேரா இருக்கும். பண்ருட்டியில நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் மைக்செட் வச்சிக்கினு இருக்கான். போன் போடட்டுமா?"

"அவரு அங்கேருந்து வர்றதுக்குள்ள கச்சேரியே முடிஞ்சிடும் மாமா. இந்தப் பாட்டுக்கு மைக்கே கிடையாதாம். அக்கா சொல்லியிருக்கு" என்றாள் இசைப்பிரியா. அவள் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் மாமாவுக்கு விளக்கம் சொல்லும் வேலை எப்போதும் அவளுடையது.

அருள்மொழி படிப்பது மேற்கத்தியச் செவ்வியல் இசை. அவளுடையது சொப்ரானோ குரல். பெண் குரல்களிலேயே உச்சத்தில் பாடும் குரல் அதுதான். பல்கலைக்கழகத்தின் இந்த இசைப் பள்ளியில், கடைசி வருடம் ஒவ்வொருவரும் தனியாக ஒரு கச்சேரி செய்தாக வேண்டும். அதுதான் பரீட்சை. மைக் இல்லாமலே குரல் கடைசி வரிசைவரை போக வேண்டும். போகிறதா என்று பார்ப்பதற்காகவே பரீட்சை அதிகாரிகள் இரண்டு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நேர் முன்னால் அம்மா, இசைப்பிரியா, மாமா.

அக்கா நீல நிறப் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். பியானோ தொடங்கியது. அக்கா பாடினாள்.

பாட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ பக்கத்து வீட்டில் பாடுவது போலக் கேட்டது. மாமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அடுத்த பாட்டுக்கு இன்னும் சாய்ந்தார். அதற்கடுத்த பாட்டுக்கு முன்சீட்டுக்காரரின் தோளில் இடித்து மன்னிப்புக் கேட்டார்.

"குரல் இங்க வரவே இல்லையே. ரெண்டாவது பாதியும் இப்படியே போனா பாஸ் போட முடியாது" என்று பின்னாலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

 அந்தச் சின்னக் குரலை இசைப்பிரியாவுக்கு நன்றாகத் தெரியும். அது நைட் ஷிப்ட் குரல்.

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவர்கள் பகலில்தான் தூங்குவார்கள். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீடுகளில் குக்கர்கூட யோசித்துத்தான் விசில் அடிக்க வேண்டும். இசைப்பிரியா வீட்டில் அப்பா தூங்கும்போது காவல் காப்பது அவள்தான். மீன்காரம்மா வந்தால் "உஷ்!" சிலிண்டர் போடுபவர் வந்தால் "உஷ்!" கொய்யா மரத்து அணிலுக்குக்கூட ஒரு "உஷ்!" அப்பா எழுந்து வந்து, "யாருடா இன்னிக்கி டியூட்டி? அருமையாத் தூங்கினேன்" என்பார். அவளுக்குப் பெருமை தாங்காது.

பொங்கல் லீவில் அக்கா வந்திருந்தபோது அப்பாவுக்கு நைட் ஷிப்ட். ஒருநாள் காலை அக்கா அடுக்களையில் நின்று பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். இசைப்பிரியா ஓடிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்! அப்பா தூங்குறாருக்கா!"

அக்கா குரலைக் குறைத்துக்கொண்டாள். மதியம் சாப்பாட்டுக்கு எழுப்ப அம்மா போனார். அப்பா எழுந்திருக்கவே இல்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுபோயிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மா அழுதால்கூட முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டுதான் அழுதார். யாருக்காக இந்த அமைதி என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இடைவேளை விட்டதும் இசைப்பிரியா மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஓடினாள். வாசலில் அக்காவின் ஆசிரியை சந்திரா கவலையோடு நின்றிருந்தார்.

"தங்கச்சியா? போம்மா, போய்ப் பேசு. தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. ஊருக்குப் போயிட்டு வந்ததிலேருந்து இப்படித்தான் பாடுறா."

அக்கா கண்ணாடிக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீ நைட் ஷிப்ட் குரல்ல பாடுற."

"தெரியுதுடி." அக்கா நிமிரவில்லை. "வாயைத் தொறந்தாலே அன்னிக்கு காலைல நடந்ததுதான் ஞாபகம் வருது. நான் மட்டும் நல்லா சத்தமாப் பாடியிருந்தா அப்பா முழிச்சிருப்பாரோன்னு..."

இசைப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளும் இதையேதான் நினைத்து நினைத்து யாருக்கும் தெரியாமல் அழுதிருந்தாள். அக்காவுக்குள்ளும் அதே கேள்வியா!

"நீ சத்தமாத்தான் பாடின. நான்தானே உஷ்ஷுன்னு சொன்னேன்? நான் சொல்லாம இருந்திருந்தா அப்பா முழிச்சிருப்பாரோன்னு எனக்கும் இருந்துச்சு. அதான் டாக்டரைப் போய்க் கேட்டுட்டேன்."

அக்கா சட்டென்று திரும்பினாள். "எந்த டாக்டரை?"

"நம்ம ஆஸ்பத்திரியில அன்னிக்கு அப்பாவைப் பார்த்தாரே, அவரைத்தான். ஸ்கூல் விட்டதும் சைக்கிள்லயே போனேன். டோக்கன் குடுக்குறவங்க, 'யாருக்கு உடம்புக்கு முடியல?'ன்னாங்க. 'யாருக்கும் ஒண்ணும் இல்ல, ஒரு சந்தேகம்'னேன். சிரிச்சிட்டாங்க. டாக்டர் சிரிக்கல. உக்கார வச்சிப் பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"அப்பா வந்து படுத்த கொஞ்ச நேரத்துலயே போயிட்டாராம். நம்ம எழுந்து பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே. நீ பாடினப்போ, நான் உஷ்ஷுன்னு சொன்னப்போ... அப்பவே அப்பா இல்லக்கா. நம்ம என்ன கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது."

அக்கா அவள் தோளைப் பிடித்தாள். "இதை ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அந்த வூட்ல யாருக்கா பேசுறாங்க, சொல்றதுக்கு?"

அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அக்காவின் கண்மை கன்னம்வரை வழிந்தது. இசைப்பிரியா தன் கைக்குட்டையால் துடைக்கப் பார்த்தாள். அது இன்னும் பரவியது.

"ஐயோ, எப்படிடி இருக்கு?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. தூரத்துலேருந்து பார்த்தா தெரியாது."

அழுகைக்கு நடுவில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணி அடித்தது. இசைப்பிரியா அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"இப்ப யாரும் தூங்கலக்கா. போய்ப் பாடு."

இரண்டாவது பாதி தொடங்கியது. ஏதோ ஒரு ஜெர்மன் பாட்டு. அர்த்தம் ஒன்றும் புரியவில்லை. முதல் வரியை அக்கா தயங்கித்தான் எடுத்தாள். பிறகு மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, மேலே போனாள்.

அந்தக் குரல் இசைப்பிரியாவின் நெஞ்சில் வந்து மோதியது.  இது அக்காவா! மாமா காதுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்துடுச்சு" என்றது பின்னாலிருந்த குரல்.

அக்காவின் கச்சேரிக்கு லீவு போட்டு வருவதாக அப்பா சொல்லியிருந்தார். இதைக் கேட்க அவர் இல்லையே என்று இசைப்பிரியாவுக்குத் தாங்க முடியாத வருத்தமாக இருந்தது.

பாட்டு உச்சிக்குப் போனபோது பக்கத்தில் ஒரு சத்தம். அம்மா! முந்தானை மடியில் கிடந்தது. அம்மா இத்தனை மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். முன்வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா பதறிப்போனார்.

"தங்கச்சி, பாட்டு நடந்துக்கினு இருக்குதும்மா. எல்லாரும் பாக்குறாங்க. சத்தம் போடாத..."

அக்காவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் இவர்கள் பக்கம் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை.

இசைப்பிரியா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க மாமா" என்றாள். "அம்மா நல்லா அழட்டும்."