பொருந்தாத துளை

காலை எட்டு மணி. மருத்துவமனையின் மருந்துக் குளிர் அறையைத் திறந்த நர்ஸ் அலறினாள். உள்ளே புழுக்கம். குழந்தைகளுக்கான தடுப்பூசி மொத்தமும் பாழ். குளிரூட்டும் இயந்திரத்தின் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் கருகிக் கிடந்தது. எச்சரிக்கை மணிக்கும் அதிலிருந்துதான் கரண்ட். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு பெண் இன்ஸ்பெக்டர் வந்தபோது, ஏசி மெக்கானிக்கைக் காவலாளி அறையில் அடைத்துவைத்திருந்தார்கள். அவன் அந்த நர்ஸின் புருஷன். வாசலில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

மேனேஜரோ தன் அறையில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அங்கேயே வயரிங் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன்.

“போன வாரம் அந்த மெக்கானிக்தான் மேடம் டிரான்ஸ்ஃபார்மர் மாத்தினான். கண்டதையும் மாட்டிக் கருக விட்டுட்டான். தூக்கி உள்ள போடுங்க!” என்றார் மேனேஜர்.

“உங்க ரூம் நல்லா ஜில்லுனு இருக்கே?”

“நேத்துலேருந்துதான். காத்தைத் திருப்பிவிட ரெண்டு மோட்டார் கூடுதலா வெச்சேன், அதுக்கப்புறம் ஏசி நின்னு நின்னு உயிரை வாங்கிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கிடம் போனார்.

“என்னய்யா மாட்டினே?”

“எழுபத்தஞ்சு வி.ஏ. மேடம். இருபத்துநாலு வோல்ட்டுனு மட்டும் பாத்து வாங்கக் கூடாது. எத்தனை வி.ஏ. சுமை தாங்கும்னு பாக்கணும். குளிர் அறை அறுபது வரைக்கும் இழுக்கும்.”

“வரும்போதே பாத்தேன், கருகிக் கிடக்கறதுல நாப்பதுனு போட்டிருக்கு.”

அவன் துள்ளி எழுந்தான். “நான் மாட்டலை! பெருசுக்குப் பழைய ஓட்டை ஒத்து வரலைன்னு புதுசா நாலு ஓட்டை போட்டேன். அதுல வேண்டாத வயர் முனை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நீல டேப் சுத்தினேன். ஒண்ணோட ஒண்ணு பட்டா அதோகதிதான். மோட்டார் கூடிட்டதால மேனேஜர் ரூமுக்கும் பெருசுதான் வேணும், புதுசு வர்ற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் குளிர் அறை இயந்திரத்தை மறுபடியும் திறந்தார். தகட்டில் நான்கு புதுத் துளைகள் பளபளத்தன. நான்கிலும் திருகாணி இல்லை. கருகிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பழைய துளையொன்றில் ஒற்றைத் திருகாணியில் தொங்கியது. டேப்பைக் காணோம். அவருக்கு ரத்தம் கொதித்தது.

“மேனேஜர் ரூம் மெஷினைத் திறங்க!”

உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர். அங்கே துளைகள் பொருந்தாததால் அதற்கும் ஒற்றைத் திருகாணிதான். வயர் முனைகளில் நீல டேப்.

மச்சினன் நழுவப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் அவன் சட்டையைப் பிடித்தார்.

“கருகினதை எல்லாரும் பாத்தீங்க. பக்கத்துல சும்மா கிடந்த நாலு ஓட்டையை ஒருத்தரும் பாக்கலை. பெருசு ஒண்ணு அங்க உக்காந்திருந்ததுக்கு அதுதான் சாட்சி. அதை இங்க கொண்டு வந்தது நீ. சொன்னது யாரு?”

“மாமாதான் மேடம்...”

மேனேஜருக்கு வியர்த்தது. “ரெண்டும் அதே இருபத்துநாலு வோல்ட்தானே மேடம்? என்ன ஆயிடப் போகுதுன்னு...”

“உன் ஒருத்தன் உடம்பு குளிர பச்சைக் குழந்தைங்க மருந்துல கை வெச்சியா? பழியை வேற அவன் தலையில கட்டினியா? வெட்கமா இல்லை?”

இருவரையும் ஜீப்புக்கு நடத்திக்கொண்டு போகும்போது நர்ஸ் வழியை மறித்தாள். அழுது சிவந்த கண்ணில் இப்போது நெருப்பு.

“ஒரு நிமிஷம் மேடம். வெளிய அம்மாக்கள் நிக்கிறாங்க. ஊசி ஏன் இல்லைன்னு சார் தன் வாயாலயே சொல்லிட்டு வரட்டும்.”

இன்ஸ்பெக்டர் மேனேஜரை வாசல் பக்கம் திருப்பினார். “போங்க சார். சொல்லுங்க.”