இலையைக் கழுவக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு பொருளைக் கீழே வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது காணாமல் போய்விடும். திருடன் யாரும் இல்லை. எல்லாம் அம்மாதான்.

அம்மாவுக்கு அப்படி ஒரு சுத்தம். அப்பா தேநீர்க் கோப்பையை ஒரு நிமிடம் கீழே வைத்தால் போதும், அது கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும், பாதித் தேநீர் மிச்சம் இருந்தாலும் சரி. அப்பாவின் மூக்குக்கண்ணாடி வாரத்துக்கு மூன்று முறை தொலையும். அதைத் தேட மூக்குக்கண்ணாடி வேண்டும் என்பதால் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார்.

அம்மாவுக்கு வேலை விலங்குப் பூங்காவில். அங்கே அவர் பார்த்துக்கொள்வது தகரம் என்கிற ஆர்மடில்லோவை. முதுகு முழுக்கக் கெட்டியான ஓடு, நீண்ட மூக்கு, மண்ணைத் தோண்டப் பெரிய நகங்கள். வருகிறவர்கள் எல்லாம் "ஆமையா?" என்று கேட்பார்கள். "ஆமை இவ்வளவு வேகமா ஓடுமா?" என்று அம்மா திருப்பிக் கேட்பார். தகரத்துக்குக் கண் கொஞ்சம் மட்டம். ஆனால் மூக்கு இருக்கிறதே, மண்ணுக்கு அடியில் ஒளிந்திருக்கும் புழுவைக்கூடக் கண்டுபிடித்துவிடும்.

பள்ளி விடுமுறை விட்டதும் நானும் அம்மாவோடு பூங்காவுக்குப் போனேன். அன்று திங்கட்கிழமை. பூங்காவின் விலங்கு டாக்டர் வந்து தகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் அதே நடைதானா?"

"அதேதான் சார். காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் சுவரை ஒட்டிச் சுத்திக்கிட்டே இருக்கு."

"உரசி உரசி மூக்கே சிவந்து போச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். மாறலைன்னா வேற பூங்காவுக்கு அனுப்பிடலாம்மா. அங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்."

அம்மாவுக்கு அழுகை வந்தால் அழமாட்டார், தரையைத் துடைப்பார். அன்றைக்கு அந்தத் தரையை மூன்று முறை துடைத்தார். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தகரத்தைச் சந்தோஷப்படுத்த டாக்டர் என்னென்னவோ கொண்டுவந்தார். ஒரு பந்து கொடுத்தார். தகரம் அதன்மேல் முட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல ஒதுங்கிப் போனது. மேலே ஒரு மணியைக் கட்டினார். தகரம் மேலே பார்க்கிற ஆளே இல்லை. ஒரு குழாய்க்குள் புழுக்களைப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும் முன் அம்மா அந்தக் குழாயைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார். தகரம் அதை மோந்து பார்த்து, நான்கு தும்மல் போட்டுவிட்டு, மறுபடி நடக்கக் கிளம்பியது.

அங்கே ஒரு மண் தொட்டியும் உண்டு. அந்த மண்ணை அம்மா தினமும் சலித்து, கழுவி, காயவைத்துத்தான் போடுவார். எங்கள் வீட்டு அரிசிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

செவ்வாய்க்கிழமை நான் உட்கார்ந்து எண்ணினேன். மதியச் சாப்பாட்டுக்குள் தகரம் நூற்றுப் பன்னிரண்டு சுற்று போய்விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில்தான் நின்றது. கதவு இடுக்கு. அம்மாவின் தூரிகை நுழையாத இடம் அது ஒன்றுதான். அங்கே ஒரு சிட்டிகை மண்ணும் ஒரு காய்ந்த இலையும் சிக்கியிருந்தன. ஏன் அங்கே மட்டும் நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால் என் மேசை பளபளவென்று காலியாக இருந்தது. காலையிலேயே அம்மா கைவரிசையைக் காட்டியிருக்கிறார். என் கூழாங்கற்கள், பாதி வரைந்த படம், நுனி உடைந்த பென்சில், எதுவும் இல்லை. நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"ஏன் இப்படிச் செக்குமாடு மாதிரி சுத்துற?" என்றார் அப்பா.

"தேடுறேன்பா."

"எதை?"

"என் மேசை மேல இருந்த எல்லாத்தையும்!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தகரமும் என்னைப் போலத்தான். ஏதாவது வாசனை கிடைக்குமா என்று பாவம் தேடிக்கொண்டே இருக்கிறது! அதன் மேசையையும் அம்மாதான் துடைத்துவிடுகிறார்.

புதன்கிழமை டாக்டர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணுமே புரியல. பாப்பா, உனக்கு ஏதாவது தோணுதா?"

பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் அம்மா நின்றிருந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல்கள் வெடித்திருந்தன. அதையெல்லாம் தகரத்துக்காகத்தானே செய்தார்? நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் போன பிறகு அம்மாவின் காதோடு சொன்னேன். கதவு இடுக்கையும் காட்டினேன். அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான்தான் காரணமா?"

"இல்லம்மா, நீ நல்லதுதான் பண்ணின. ஆனா கொஞ்சம் அதிகமா பண்ணிட்ட."

அம்மா சட்டென்று எழுந்து டாக்டரின் அறைக்கே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். "சார், நான் வாசனையே இல்லாம கழுவிட்டேன். அதான் அது தேடுது," என்று பட்டென்று உடைத்துச் சொன்னார். "என் பொண்ணு கண்டுபிடிச்சா."

டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "தினமும் வந்து பார்க்கிறேன், எனக்குத் தோணலையே," என்றார். "பூச்சிமருந்து அடிக்காத மரத்தடியா பார்த்து மண்ணும் இலையும் எடுத்துப் போடுங்கம்மா."

"ஒரே ஒரு மூலைல," என்று அம்மா அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

சாக்பீஸால் தரையில் கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் சுத்தம், அந்தப் பக்கம் குப்பை. நான் பின்பக்க மரத்தடியிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்தேன். இலை பொறுக்கப் போன அம்மாவை மட்டும் காணோம். போய்ப் பார்த்தால் குழாயடியில் நிற்கிறார்.

"அம்மா! இலையைக் கழுவக் கூடாது!"

"லேசாதான் அலசினேன்..."

வேறு இலைகளை நானே பொறுக்கிக் குவித்து, நடுவில் புழுக்களை ஒளித்து வைத்தேன்.

தகரம் வழக்கம்போலச் சுவரை ஒட்டி வந்தது. திடீரென்று நின்றது. மூக்கு இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. அடுத்த நொடி தலைகுப்புறக் குவியலுக்குள் பாய்ந்தது. மண் பறந்தது, இலை பறந்தது. ஓர் இலை அம்மாவின் தலையில் உட்கார்ந்தது. அம்மாவின் கை துடைப்பத்தை நோக்கித் தானாகப் போனது. நான் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "தகரம் எங்கம்மா?"

அம்மா இலைக்குவியலைக் காட்டினார். வால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

"சுத்துறது?"

"நேத்திலேருந்து ரொம்பக் கொறஞ்சிருக்கு சார். அதுக்கு இப்ப ஏகப்பட்ட வேலை."

டாக்டர் சிரித்தார். "அப்ப இங்கயே இருக்கட்டும்."

அம்மா தரையைத் துடைக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது, குதித்தேன்.

அன்று மாலை அம்மா துடைக்கும் துணியோடு என் மேசை அருகே வந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மேசையின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். எங்கோ எடுத்து வைத்திருந்த என் கூழாங்கற்களையும் மற்றதையும் கொண்டுவந்து அந்தப் பக்கம் கொட்டினார்.

"அந்தப் பக்கம் நான் தொடமாட்டேன்," என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கோட்டின்மேல் கிடந்த ஒரு பென்சிலை மட்டும் நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பார்த்தால், என் பக்கத்தில் கூழாங்கற்களுக்கு நடுவே அப்பாவின் மூக்குக்கண்ணாடி பத்திரமாக இருந்தது. அதன் பக்கத்திலேயே பாதி குடித்த தேநீர்க் கோப்பையும் இருந்தது.