ரோசாவுராவின் துசா

சனிக்கிழமை காலை பத்து மணி. ஐந்தாவது பானைச் சூப்பும் தோற்றது.

யோலிமா ஒரு கரண்டிதான் வாயில் வைத்தாள். கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். கணவன் ஃபிரெடி கையில் அகப்பையோடு கதவுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் முகம் சுளித்தான்.

யோலிமா போகோட்டா காவல்துறையில் துப்பறியும் இன்ஸ்பெக்டர். அவள் பெயரைக் கேட்டால் கொலைகாரனே பின்வாசலைத் தேடுவான். அப்பேர்ப்பட்டவளை மசக்கை படுக்கையில் தள்ளிவிட்டது. நான்காம் மாதம் பிறந்தும் எதைத் தின்றாலும் வாந்தி. வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: ரோசாவுரா சமைக்கும் சைவக் கடையின் அஹியாகோ. மூன்று வகை உருளைக்கிழங்கும் குவாஸ்காஸ் கீரையும் சோளமும் போட்ட சூப்பு. ஊரெல்லாம் கோழி போட்டுச் செய்வதை, கோழியே இல்லாமல் ரோசாவுரா தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அந்தக் கடைக்குப் போன வாரம் பூட்டு விழுந்தது. ரோசாவுரா எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போனையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் எடை பார்ப்பார். இன்னும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். யோலிமாவுக்குத் துப்பாக்கியைக் கண்டு பயமில்லை. வயிற்றில் இருக்கும் சின்ன உயிர் பட்டினி கிடக்கிறதே என்றுதான் பயம். அந்தப் பயமெல்லாம் கோபமாகி ஃபிரெடி தலையில் விடிந்தது.

"என்னென்ன போட்ட? ஒண்ணு விடாம சொல்லு."

"யோலி, நான் என்ன அக்யூஸ்டா?"

"அத நான் முடிவு பண்றேன். நீ சொல்லு."

"கெழங்கு மூணு வகை. சின்ன மஞ்சக் கெழங்கு கரையிற வரைக்கும் கொதிக்க விட்டேன். குவாஸ்காஸ், வெங்காயத்தாள், பூண்டு. சோளம். மேல கிரீம்."

"சோளம் எப்படி?"

"முத்து முத்தா உதுத்துப் போட்டேன். உங்கம்மா மாதிரி கதிரோட துண்டு போடல. ரோசாவுரா கிண்ணத்துல முத்து மட்டும்தான மிதக்கும்? அதையே அப்படியே காப்பியடிச்சேன்."

யோலிமா நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள். "மேல் ருசி எல்லாம் சரியா இருக்கு. அடி ருசி இல்ல. வெறும் தண்ணி. அந்தக் கடை வெயிட்டர் ஒவிதியோவக் கூட்டிட்டு வா."

மதியம் ஒவிதியோ வந்து சேர்ந்தான். இப்போது ஒரு பேக்கரியில் வேலை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டி வாசனைக்கே யோலிமா மூக்கைப் பொத்திக்கொண்டதால், ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். இந்தக் கதையை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல ஆரம்பித்தான்.

"கடை முதலாளி ஹில்தார்தோவும் ரோசாவுராம்மாவும் எட்டு வருஷம் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருந்தாங்க இன்ஸ்பெக்டரம்மா. போன வாரம் அந்தாளு கல்யாண மோதிரம் வாங்கிட்டு வர்றான். யாருக்கு? வேற ஒருத்திக்கு! அன்னிக்கே அடுப்ப அணைச்சிட்டாங்க."

"ரகசியத்த யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

"கெளம்பும்போது அவனே கேட்டான், கொஞ்சமாவது வெக்கம் வேணாம்? 'சூப்புல அப்படி என்னதான் போடுவ?'ன்னான். அவங்க சொன்னாங்க: 'துசாதான்யா. எட்டு வருஷமா துசாவக் கொதிக்க வச்சு ஊத்தினேன், உனக்குத்தான் தெரியல.'"

ஒவிதியோ மூக்கை உறிஞ்சினான். துசா என்றதும் எங்கள் ஊரில் யாருக்கும் முதலில் நினைவு வருவது காதல் தோல்விதான். ஃபிரெடிக்கும் கண் கலங்கிவிட்டது.

"பாவம்! கண்ணீரக் கொட்டிச் சமைச்சிருக்காங்க. அதுக்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்?"

யோலிமா கலங்கவில்லை. "மோதிரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"

"பாடிக்கிட்டேதான் சமைப்பாங்க. அவ்ளோ சந்தோஷம்."

"ம். கடைக் கழிவ யார் எடுத்துட்டுப் போவாங்க?"

"பன்னி வளக்குறவர் ஒருத்தர். தெனமும் சண்டதான். 'ஊர்ல இருக்கிற சோளக்கட்டையெல்லாம் என் பன்னி கடிச்சுத் துப்புரவாக்குது, உங்க கட்டைய மட்டும் மோந்துட்டுப் போயிடுது, வெறும் சக்கை'ம்பார்."

யோலிமா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். பல நாள் கழித்து அவள் கன்னத்தில் நிறம் வந்தது.

"குற்றவாளி இந்த ரூம்லதான் இருக்கான்."

ஒவிதியோ சட்டென்று கதவைப் பார்த்தான்.

"நீ இல்லப்பா. ஃபிரெடி! முத்த உதுத்துட்டு சோளக்கட்டைய என்ன பண்ணின?"

"குப்பையில போட்டேன். வேற என்ன பண்ணுவாங்க?"

"அந்தக் கட்டைக்குப் பேரு என்ன?"

ஃபிரெடியின் குரல் கீழே போனது. "துசா."

"பாடிக்கிட்டுச் சமைச்ச பொம்பளைக்கு எட்டு வருஷமா ஏதுடா காதல் தோல்வி? அவங்க சோளக்கட்டையத்தான் சொன்னாங்க. கட்டைய மணிக்கணக்கா வேகவச்சு, சாரம் பூரா எறங்கினதும் எடுத்துடுவாங்க. கோழித் தண்ணிக்குப் பதிலா அதுதான். அதனாலதான் பன்னி சீந்தல, கிண்ணத்துலயும் கட்ட இல்ல. கண்ணுல பட்டத மட்டும் காப்பியடிச்சு, ருசியத் தூக்கிக் குப்பையில போட்டுட்ட!"

"ஐயோ, அஞ்சு தடவையுமா!" என்று ஃபிரெடி தலையில் அடித்துக்கொண்டான். அடித்த கையோடு சந்தைக்கு ஓடினான்.

மாலை. கட்டைகள் வெந்து வெந்து தண்ணீர் பால்போல வெளுத்தது. அவற்றை அரித்தெடுத்துவிட்டுக் கிழங்கைப் போட்டார்கள். வீட்டில் வாசனை மாறியது. யோலிமா தானாகவே சமையலறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

முதல் கரண்டி. கண்ணை மூடினாள். இரண்டாவது. மூன்றாவது. இரண்டு ஆண்களும் மூச்சுவிடாமல் குளியலறைக் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. கிண்ணத்தை வழித்துவிட்டு நீட்டினாள்.

"இதேதான். அச்சு அசல் இதேதான்! ஊத்து."

ஒவிதியோ கைதட்டினான். ஃபிரெடி அகப்பையைக் கொடிபோல உயர்த்திக்கொண்டு சமையலறையைச் சுற்றி ஆடினான்.

ஞாயிறு முழுவதும் அதே சூப்புதான். திங்கட்கிழமை எடை மேடையில் ஏறும்போது யோலிமா ஃபிரெடியின் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் எண்ணைப் பார்த்தார், மேடையைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். "அரைக் கிலோ ஏறியிருக்கு! அட்மிஷன் வேண்டாம், வீட்டுக்குப் போங்க" என்றார்.

தெருவுக்கு வந்ததும் யோலிமா பேருந்து நிறுத்தத்திலேயே வாய்விட்டு அழுதாள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஃபிரெடியை முறைத்தார்கள்.

"யோலி, என்னடா ஆச்சு? வலிக்குதா? குமட்டுதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பசிக்குதுடா."