பதின்மூன்று மாதம் மூத்த எஞ்சின்

2019 ஆகஸ்டு 17, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணி; குடை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவைக்கும் மெல்லிய தூறல். குடையில்லாமல் வந்த மெக்கானிக், லென்ஸம்மாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார்.

லென்ஸம்மா உலோகப் பரிசோதனைக் கூடமொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கழுத்தில் எந்நேரமும் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரை அவரே மறந்துவிட்டதாக அவருடைய தம்பி சொல்வார். பழைய கார் உரிமையாளர் சங்கத்தில் எழும் தகராறுகளில், அவர் கையெழுத்திட்டுக் கொடுப்பதே இறுதி முடிவு.

“என் தங்கச்சி வீட்டுக்காரர் என்னைத் திருடன்னு சங்கத்துல எழுதிக் குடுத்துட்டாரும்மா,” என்றார் மெக்கானிக்.

“எதைத் திருடினீங்களாம்?” என்று தம்பி ஆவலோடு கேட்டார். பள்ளி வேன் ஓட்டும் அவருக்கு, விடுமுறை நாளில் ஒரு குற்றம் கிடைத்தது பெரும் ஆறுதல்.

“எஞ்சினை.”

“முழுசாவா?”

“நீ முதல்ல அவருக்குத் துண்டு எடுத்துக் குடு. தலை நனைஞ்சிருக்கு,” என்றார் லென்ஸம்மா.

விஷயம் இதுதான். தங்கையின் கணவர் மருந்துக்கடைக்காரர். அவருடைய பழைய காரின் எஞ்சினை மெக்கானிக் பிரித்துச் சரிசெய்து மாட்டிக் கொடுத்திருந்தார். பின்னர் காரைப் பார்க்க வந்த தரகர் ஒருவர், எஞ்சினில் இருந்த வார்ப்புத் தேதியைப் படித்து, அதனருகே ஒரு விரிசலையும் கண்டுவிட்டு, “இது இந்தக் காரோடதே இல்லை” என்றாராம். அசல் எஞ்சினை மெக்கானிக் மச்சான் விற்றுவிட்டு, விரிசல் விழுந்த வேறொன்றை மாட்டிவிட்டார் என்பது புகார்.

“பட்டறை போனா போகட்டும். தங்கச்சி போனை எடுக்க மாட்டேங்கறா. புருஷனா அண்ணனான்னு அவளை நடுவுல நிக்க வெச்சுட்டாங்க. உங்க முடிவு வர்ற வரைக்கும் நான் அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாதாம்.”

“முடிவு உங்களுக்கு எதிரா வந்தா?”

“அப்புறம் எனக்குத் தங்கச்சியே இல்லைம்மா.”

அன்று பகலிலேயே அக்காவும் தம்பியும் மருந்துக்கடைக்காரரின் கார் கொட்டகையில் இருந்தார்கள். அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார்.

“பாருங்கம்மா. ஏ–5–4. ‘ஏ’ எழுத்துன்னா ஜனவரி, அஞ்சாம் தேதி, நாலுன்னா அறுபத்து நாலு. காரோட தகடு அறுபத்தஞ்சு பிப்ரவரின்னு சொல்லுது. வார்த்த எஞ்சின் ஒண்ணு ரெண்டு மாசத்துல காருக்குள்ள போயிடுமாம். இது பதிமூணு மாசம் மூத்தது!”

“எழுபத்து நாலா இருந்தா?” என்றார் தம்பி. “வருஷத்துல கடைசி எண் மட்டும்தானே இருக்கு?”

“அதுக்குள்ள இந்த எஞ்சின் செய்யறதையே நிறுத்திட்டாங்கடா,” என்றார் லென்ஸம்மா.

“ஆனா எஞ்சின் நம்பர் தகட்டோட ஒத்துப்போகுதே அக்கா!”

“அது குத்தின நம்பர். சுத்தியல் இருந்தா யார் வேணா குத்தலாம். மச்சான்கிட்ட சுத்தியலுக்கா பஞ்சம்?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அவர் சொல்றது சரி,” என்றார் லென்ஸம்மா. “குத்தின எண் பள்ளமா இருக்கும், பின்னால மாத்தலாம். வார்ப்பு எண் மேடா இருக்கும். இரும்போட கூடவே பிறந்தது. அதைத்தான் கேக்கணும்.”

தண்ணீர் கொண்டுவந்து வைத்த தங்கை, எவர் முகத்தையும் பாராமல் உள்ளே போனார்.

தேதிக்குச் சற்றுக் கீழே ‘3’ என்று ஓர் எண் புடைத்திருந்தது. அதனருகே தொடங்கிய மெல்லிய கோடு, பாதி வழியில் எதற்கோ ஒதுங்கினாற்போல் வளைந்து, மேலே சென்று நின்றது. தரகர் கண்ட விரிசல் அதுதான். லென்ஸம்மா அதன்மீது மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார்.

“நிஜமான விரிசல்னா உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பக் கசியும். தூள் நனைஞ்சு கோடு தெரியும்.”

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். தூள் வெள்ளையாகவே இருந்தது.

“அப்ப இது விரிசல் இல்லையா?”

“விரிசல்தான். ஆனா இரும்போடது இல்லை,” என்றார் லென்ஸம்மா.

மாலையில் தம்பி மூச்சிரைக்க வந்தார். “அக்கா! அறுபத்து நாலு ஜனவரி அஞ்சு, ஞாயித்துக்கிழமை! லீவு நாள்ல எவன் இரும்பு காய்ச்சுவான்?”

“நல்ல கேள்வி. சந்தேகப்பட அது போதும்; கையெழுத்துப் போடப் போதாது. அதே எஞ்சின் இருக்கிற கார் நம்ம சங்கத்துல எத்தனை இருக்குன்னு விசாரி. அந்த ‘3’ இருக்கணும், அது முக்கியம்.”

அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் தரகரும் கூடினர். மெக்கானிக் மட்டும் வெளிக்கதவுக்கு அப்பால் நின்றார். ஒரே அளவில் எடுத்த நான்கு படங்களை லென்ஸம்மா மேசைமேல் பரப்பினார்.

“எஞ்சினை வார்க்க முதல்ல மரத்துல ஒரு அச்சு செய்வாங்க. அதை மணல்ல அமுக்கி எடுத்தா, அதே வடிவத்துல ஒரு குழி. அதுல காய்ச்சின இரும்பை ஊத்தினா எஞ்சின். ஒரு தொழிற்சாலையில பல அச்சு இருக்கும். நம்மளோடது மூணாம் நம்பர் அச்சு. இந்த நாலு படமும் அந்த ஒரே அச்சுல பிறந்த எஞ்சின்களோடது.”

முதல் படத்தைத் தொட்டார். “அறுபத்து நாலு மார்ச். மூணுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை,” என்றார் தரகர்.

“அதே வருஷம் அக்டோபர்?”

“அரிசி நீளத்துக்கு ஒரு கீறல்.”

“அறுபத்தஞ்சு பிப்ரவரி?”

“நீளமா, தீக்குச்சி அளவு. நடுவுல வளையுது.” தரகரின் குரல் தாழ்ந்தது.

“மர அச்சு விரிசல் விட்டா, அந்தக் கோடும் மணல்ல பதியும், மணல்லேர்ந்து இரும்புக்கு வரும். நடுவுல இருக்கிற வளைவு, மரக்கணுவைச் சுத்திப் போன வழி. இப்ப உங்க எஞ்சின். அக்டோபரைவிட நீளம்; பிப்ரவரியைவிடக் கொஞ்சம் குட்டை. மார்ச்சுக்கு முன்னால பிறந்திருந்தா இந்தக் கோடு எங்கேர்ந்து வரும்?”

“நடுவுல அச்சை ஒட்டிச் சரிபண்ணியிருக்கலாமே? அதான் மார்ச்சுல தெரியலை,” என்றார் தரகர்.

“ஒட்டினா ஒட்டின தடமும் பதியும். மார்ச் படத்தை இந்த லென்ஸ்ல பாருங்க. மரத்தோட ரேகைகூட அறுபடாம ஓடுது.”

தரகர் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு லென்ஸ் கைமாறியது. மருந்துக்கடைக்காரர் எஞ்சினருகே சென்று அந்தக் கோட்டைச் சுட்டுவிரலால் மெல்லத் தடவினார். அந்த அச்சு என்றோ அடுப்பில் எரிந்து சாம்பலாகியிருக்கும். அதை அமுக்கிய மணலோ ஒவ்வொரு வார்ப்புக்குப் பின்னும் உதிர்ந்துபோனது. ஆயினும், ஒரு குளிர்காலத்தில் ஒரு மரத்துண்டு எவ்வளவு பிளந்தது என்பதை, ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக இந்த இரும்பு பிசகாமல் வைத்திருந்தது.

“அப்ப அந்த நாலு?” என்று கடைசியில் மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

“அச்சுல மாசமும் தேதியும் தனித்தனித் தகடா பொருத்துவாங்க, அடிக்கடி மாத்துவாங்க. வருஷத் தகட்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்தணும். நீங்க ஜனவரி முதல் வாரத்துல செக்குல என்ன வருஷம் எழுதுவீங்க?”

அவர் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார். “வருஷா வருஷம் திரும்பி வரும்மா. இந்த வருஷம் மூணு!”

தம்பி சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

“அறுபத்தஞ்சு ஜனவரி அஞ்சு, செவ்வாய்க்கிழமை. அன்னிக்குக் காலையில எவரோ ஒருத்தர் மாசத்தை மாத்தினாரு, தேதியை மாத்தினாரு, வருஷத்தை மறந்துட்டாரு. எஞ்சின் ஒரு மாசத்துல உங்க காருக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் எங்கேயும் போகலை.”

லென்ஸம்மா இரண்டு வரி எழுதினார்: எஞ்சின் இந்தக் காரின் அசல் எஞ்சினே, மெக்கானிக்கின் மீது குற்றமில்லை. ஒருமுறை படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளியைச் சேர்த்து, கையெழுத்திட்டார்.

“குடுங்கம்மா, அண்ணன்கிட்ட நான் குடுக்கறேன்.” தங்கை கையை நீட்டினார்.

“இல்லைம்மா, இரு.” கணவர் அவரைத் தடுத்தார். “புகாரை எழுதினது நான். நான்தான் குடுக்கணும்.”

அவர் தாளை வாங்கிக்கொண்டு வெளிக்கதவு வரை தனியாக நடந்தார். ஏதோ சொல்லத் தொடங்கி, “மச்சான்…” என்பதற்குமேல் வராமல், இரண்டு கைகளாலும் அதை நீட்டினார். மெக்கானிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.