மூச்சு வாங்காத ஸ்வரம்

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அந்த ஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே சத்தத்தை நெடுநேரம் கேட்டவன் காதில் அது சிறிது தங்கத்தான் செய்யும். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில், மோட்டார் அறைக்குள் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற நாட்களில், சாப்பிட உட்கார்ந்தாலும் படுத்தாலும் மோட்டாரின் உறுமல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்குப் பழக்கம்தான். சுண்டுவிரலால் காதைக் குடைந்து பார்த்தான். போகவில்லை. மேசை மேல் கிடந்த பழைய கேம் பெட்டியின் ஒலிச் சக்கரத்தை அடிவரை திருகினான். போகவில்லை. அப்புறம்தான் கவனித்தான், ஹெட்போன் ஒயர் இன்னும் பெட்டியில் செருகியபடியே இருந்தது. அது செருகியிருக்கும்வரை பெட்டியின் ஸ்பீக்கர் வாயே திறக்காது.

சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

வெளியே பிற்பகல்தான். ஆனால் காலையிலிருந்து விடாமல் பெய்த மழை ஜன்னல் கண்ணாடியைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்தது. ஈரத் துணியின் வாடையும், சற்றுமுன் ஹெட்போன் ஒயரில் அவன் பற்றவைத்த ஈயத்தின் புகை வாடையும் வீட்டுக்குள் கலந்து நின்றன. பக்கத்து அறையில் அவன் மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். ஆறு வயது. எல்லோருக்கும் அவள் சுண்டு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி காலையில் கிளம்பும்போது, மாத்திரை கொடுக்க வேண்டிய முறையை இரண்டு தரம் சொல்லிவிட்டு, வாசலில் நின்று மூன்றாவதாகவும் ஒன்று சொன்னாள்.

"லீவு போட்டது பாப்பாவுக்காக, உங்க கொசுவுக்காக இல்ல. ஞாபகம் இருக்கட்டும்."

கொசு என்பது கீச்சென்று ரீங்கரிக்கும் அந்தக் கேம் பெட்டி. உள்ளங்கையில் அடங்குகிற, பழுப்பேறிய, அவன் சிறுவனாக இருந்த காலத்துப் பெட்டி. இப்போது அதில் யாரும் விளையாடுவதில்லை. அதற்குள் டிராக்கர் என்கிற கேசட் ஒன்றைச் செருகி அவன் பாட்டுக் கட்டுகிறான். அதில் பாட்டு என்பது திரையில் மேலிருந்து கீழே இறங்கும் வரிகள். வரிக்கு ஒரு ஸ்வரம், பக்கத்தில் ஒரு கட்டளை. பெட்டிக்கு மொத்தம் நான்கே குரல்கள். இரண்டு கீச்சுக் குரல், ஒரு இரைச்சல், மிச்சமிருக்கும் ஒன்று நாமே கோடு கோடாக வரைந்துகொள்ள வேண்டிய குரல்.

அந்த நான்காவது குரலாக இன்று காலை அவன் சுண்டுவை வரைந்தான். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவன் மடியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து "ஆ" என்று இழுத்தாள். அதைப் பதிவு செய்து, அலையின் மேடு பள்ளங்களைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகத் திரையில் வைத்தான். கேட்டுவிட்டு அவள் கைதட்டினாள்.

"இது நானாப்பா?"

"நீயேதான்."

"அதென்ன பக்கத்துல ஒண்ணு போடுறே?"

"அதுக்குப் பேரு கில். ஸ்வரத்தைக் கொல்ற கட்டளை."

"அய்யோ, ஏன் கொல்றே?"

"இந்தப் பெட்டியில ஒரு ஸ்வரத்துக்குத் தானா நிக்கத் தெரியாதுடா. நாமதான் சொல்லணும், இந்த வரியில நில்லுன்னு."

"சொல்லாட்டி?"

"இருந்துகிட்டே இருக்கும்."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "பாவம்ப்பா. அதுக்கு மூச்சு வாங்காதா?"

அவன் சிரித்தான். மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு வந்து, மறுபடி வேலையில் இறங்கினான். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்வரங்களையெல்லாம் முதலில் கொட்டிவிடுவான், கில் கட்டளைகளைக் கடைசியில் ஒரேயடியாக வைத்துக்கொண்டு போவான். இன்று முதல் வரியில் சுண்டுவின் ஸ்வரத்தை வைத்தான். அதற்குக் கில் வைக்கவில்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான்.

இப்போது பக்கத்து அறையின் கதவைத் தள்ளித் திறந்தான்.

சுண்டு படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. "ஆ" என்ற அந்த ஒரே ஸ்வரம், ஏறாமல் இறங்காமல், நூல் பிடித்தாற்போல அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்பனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து அவன் சிரிக்கக்கூடச் செய்தான்.

"போதும்டா. தொண்டை கட்டிக்கும்."

அவள் நிறுத்தவில்லை. எப்போது மூச்சு வாங்குவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றான். ஜன்னலில் ஒரு மழைத்துளி உருண்டு, இன்னொன்றோடு சேர்ந்து, கண்ணாடியின் அடிவரை வந்து சேர்ந்தது. அவள் மூச்சு வாங்கவில்லை. நெஞ்சில் கை வைத்தான். சட்டைக்குள் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூக்கின் கீழே விரலை வைத்தான். காற்று இல்லை. சத்தம் மட்டும் இருந்தது. அவள் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன, அவள் கண்களேதான், பயந்துபோய், விளிம்பில் நீர் கட்டி.

ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். அந்த ஒரே பட்டன்தான் ஓடவும் வைக்கும், நிறுத்தவும் செய்யும்.

ஸ்வரம் நின்றது. பக்கத்து அறையில் துணி விழுவதுபோல ஒரு சத்தம்.

அவள் தலையணையில் குறுக்காகக் கிடந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினான். வாயில் வாய் வைத்து ஊதினான். அடைத்த குழாயில் ஊதுவதுபோலக் காற்று அவன் முகத்துக்கே திரும்பியது. உதடு நிறம் மாறியது. நகம் நிறம் மாறியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவன் பட்டனை மறுபடி அழுத்தினான்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஆ."

அதற்குப் பிறகு அவன் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தான். ஸ்வரத்தை ஒரு படி ஏற்றிப் பார்த்தான். அவள் குரலும் ஒரு படி ஏறியது. இறக்கினான், இறங்கியது. ஒரே ஒரு வரிக்கு மட்டும் கில் வைத்து, அடுத்த வரியில் ஸ்வரத்தை மறுபடி வைத்து, அந்த இடைவெளியில் அவள் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுப் பார்த்தான். அந்த வரி வரும்போதெல்லாம் தலை தொங்கியது. அடுத்த வரியில் நிமிர்ந்தது. மூச்சு மட்டும் வரவில்லை. தொங்கியது, நிமிர்ந்தது. தொங்கியது, நிமிர்ந்தது. அவன் அந்தக் கில்லை அழித்தான்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தான்.

"குழந்தை மூச்சு விடுதாங்களா?" என்றாள் எதிர்முனையில் இருந்தவள்.

"விடலைங்க. சத்தம் மட்டும் வருது."

"சத்தம் வந்தா மூச்சு இருக்குன்னுதான் சார் அர்த்தம். வண்டி கிளம்பிடுச்சு, மழையில கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். பதட்டப்படாதீங்க."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவன் சொல்வதும் இதைத்தான். பதட்டப்படாதீங்க, உள்ளே காத்து இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான்.

போனை வைத்தபோதுதான் விளக்கைப் பார்த்தான்.

பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. பேட்டரி நன்றாக இருந்தால் பளிச்சென்று எரியும். தீரத் தீர மங்கும். அது மங்கியிருந்தது.

பேட்டரியை மாற்றலாம், மாற்ற வேண்டுமானால் பழையதை எடுக்க வேண்டும், எடுத்தால் பெட்டி அணையும். சுவரிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம். ஆனால் இந்தப் பெட்டியில் அந்த ஒயரைச் செருகும்போது, ஊசி முதலில் பேட்டரி இணைப்பைத்தான் விலக்கும், பிறகே மின்சாரம் ஏறும். கண்ணிமைக்கும் நேரம்தான், அதற்குள் பெட்டி அணைந்து எழும். சரி, எழட்டும், பாட்டைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ள கேசட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்து நாளாகிவிட்டது. அடுத்த வாரம் மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டு, பெட்டியை அணைக்காமலே சமாளித்து வந்தான். அணைந்தால் எல்லாம் அழியும். வரிகள் அழியும். காலையில் மடியில் வைத்து வரைந்த குரலும் அழியும்.

இந்தப் பெட்டியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரிந்த ஒவ்வொன்றும் முடியாது என்றே சொன்னது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, உங்க கொசு போன்லயும் பாடுது? பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"சுண்டுதான்… சுண்டுதான் பாடுறா. நிறுத்த மாட்டேங்கிறா."

"பாடுறாளா? அப்ப காய்ச்சல் விட்டுடுச்சு. நான் கிளம்பிட்டேன், பஸ்ல இருக்கேன்."

"சீக்கிரம் வா. இந்தப் பெட்டி அணையப் போகுது."

"அணைஞ்சா அணையட்டுமே, உயிரா போயிடும்? எனக்கு ஒண்ணும் கேக்கல, வைக்கிறேன்."

டார்ச் லைட்டிலிருந்த பேட்டரிகளை எடுத்து, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றையும் பிடுங்கி, டேப் சுற்றி வரிசையாகக் கட்டினான். இரண்டு ஒயரைச் சீவினான். பெட்டியின் பின்மூடியை நெம்பினான். பழைய பேட்டரிகள் உள்ளே இருக்கும்போதே புதியவற்றை அவற்றோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் போதும், லிஃப்டில் இப்படி எத்தனையோ செய்திருக்கிறான். ஸ்பிரிங்கைச் சுற்றிப் பச்சையாகத் துரு பூத்திருந்தது. ஒயர் நுனியை அதில் வைத்தான். பொறி தெறித்தது. திரையில் வரிகள் நெளிந்தன. ஸ்வரம் கரகரத்துப் பிளந்தது. சுண்டுவின் முதுகு வில்லாக வளைந்து, தலை பின்னால் போய்ச் சுவரில் மோதியது.

கையை எடுத்துவிட்டான்.

ஸ்வரம் நேரானது. அவளும் நேரானாள். மூக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலுதட்டுக்கு இறங்கி, திறந்த வாய்க்குள் போனது.

மறுபடி அவன் தொடவில்லை.

பெட்டியை உள்ளங்கையில் ஏந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் எங்கும் இல்லை. விளக்குப் போட எழவில்லை. "பதட்டப்படாதடா," என்றான். "அம்மா வந்துட்டிருக்கா. உள்ளே காத்து…"

அப்போது அவள் கை அசைந்தது. போர்வையிலிருந்து மெல்ல வெளியே வந்தது. அவன் முழங்காலில் ஏறியது. பெட்டியைத் தேடியது. சுட்டுவிரல் நீண்டு, ஸ்டார்ட் பட்டன் மேல் நின்றது.

அவள் அவனைப் பார்த்தாள்.

நிறுத்தச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"மாட்டேன்," என்றான். பெட்டியை எட்ட வைத்துக்கொண்டான். "மாட்டேன்டா. மாட்டேன்." அவள் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

விளக்கு இன்னும் மங்கியது. இப்போது அது ஒரு புள்ளி. திரையில் வரிகள் வெளுத்தன. பாதி தெரிந்தன. தெரியவில்லை.

அவன் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

டப்.

விளக்கு அணைந்தது. பெட்டி அணைந்தது.

அவன் காத்திருந்தான். கைக்குள் அவள் துவள்வதற்காக.

துவளவில்லை.

ஸ்வரம் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தான். திரை வெறுமையாக இருந்தது. வரிகள் இல்லை. காலையில் வரைந்த குரல் இல்லை. கில் வைக்க ஓர் இடம் இல்லை. அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் அந்த வாய் திறந்திருந்தது. "ஆ." ஏறாமல். இறங்காமல். மூச்சில்லாமல்.

வாசலில் சாவி திரும்பியது. குடையை உதறும் சத்தம். ஈரச் செருப்பு.

"ஏங்க, தெருமுனை வரைக்கும் கேக்குது. முதல்ல அந்தக் கொசுவை நிறுத்துங்க."

பெட்டியைப் பிடித்திருந்த அவன் கை மடிக்கு இறங்கியது.

சுண்டுவின் விரல் மறுபடி நீண்டது. இந்தத் தடவை அவன் பெட்டியை நகர்த்தவில்லை. செத்துப்போன பெட்டியின் பட்டனை அவள் அழுத்தினாள். அவனைப் பார்த்தாள். அழுத்தினாள்.

"நிறுத்துங்கன்னு சொன்னேன்ல?"

டக். டக். டக்.

அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.