எதிர்க் கட்டடத்து வெயில்

சூரியன்மேல் எனக்குக் கோபமில்லை. அது தன் வேலையைத்தான் பார்க்கிறது. என் கோபமெல்லாம் எதிரே புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தின் மேல்தான்.

எங்களுடையது மூன்றாவது மாடியில் ஒரே அறை. ஒரே ஜன்னல். முன்பெல்லாம் அதில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால்தான் அம்மா தையல் மெஷினை அங்கே போட்டிருந்தாள். கட்டடம் வந்த பிறகு, அதன் கண்ணாடியில் பட்ட மதிய வெயில் திரும்பி நேராக எங்கள் அறைக்குள் வந்தது. அழையாத விருந்தாளி!

தம்பி கைக்குழந்தை. உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து வீரிட்டு அழுதான். கடைசியில் சித்தி வந்து அவனைத் தன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"வெயில் குறையட்டும் அக்கா. கொண்டாந்து விடுறேன்" என்றாள்.

"எப்படிக் குறையும் சித்தி? கட்டடம் எங்கயும் போகாதே!" என்றேன்.

"வாயாடி, சும்மா இரு" என்று அம்மா அதட்டினாள். பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூலே இல்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அறிவியல் டீச்சர் கரும்பலகையில் பூமியை வரைந்தார்.

"சூரியன்கிட்டயிருந்து வர்ற வெயில்ல ஒரு பங்கை மேகமும் பனியும் வந்த வழியே திருப்பி அனுப்பிடும். மிச்சத்தை வாங்கி நிலமும் கடலும் சூடாகும். அந்தச் சூடும் கொஞ்சங்கொஞ்சமா விண்வெளிக்குப் போயிடணும். வரவும் செலவும் சரியா இருந்தாத்தான் பூமி தாங்கும்."

"எங்க வீட்டுல வரவு மட்டுந்தான் டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தேன். உள்பக்கம் கருநீலத் திரை. தொட்டால் சுட்டது. உள்ளே வந்த வெயிலையெல்லாம் வாங்கி அறைக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. சுவரும் இரவில் தன் பங்குக்குச் சூட்டை விடும். நாங்களோ கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுவோம். சூடு பாவம், எங்கே போகும்?

திரையைக் கழற்றினேன். அம்மாவும் நானும் வெள்ளைப் போர்வை ஒன்றை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கம்பியில் இழுத்துக் கட்டினோம். பொழுது சாய்ந்ததும் அதைச் சுருட்டிவிட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டுத் திறந்து வைத்தோம். சில நாளில் சுவர் சுடுவது நின்றது.

ஒரு நாள் எதிர்க் கட்டடத்து மேனேஜர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"அந்தப் போர்வையை எடுங்கம்மா. எங்க மீட்டிங் ரூம்ல உக்கார முடியல. வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

அம்மா யாரைப் பார்த்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்பாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அது உங்க வெயில்தான் சார். நீங்க அனுப்புனதுல ஒரு பங்குதான் திரும்பி வருது."

"சின்னப் பொண்ணுகிட்ட பேச நான் வரல. எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டோம்" என்றாள் அம்மா. "இந்த வெயிலாலதான் என் பிள்ளையே என்கிட்ட இல்ல."

அவர் இறங்கிப் போனார். மறுநாளே அந்த மீட்டிங் அறைக்குத் திரை வந்துவிட்டது. அவர்கள் கண் கூசியதும் ஓடோடி வந்தார்கள். தம்பி அழுதபோது ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி தம்பியைக் கொண்டு வந்தாள். அம்மா ஆசையாகக் கை நீட்டினாள். அவன் யாரோ எவரோ என்று பார்த்துவிட்டு, சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மதியம் போர்வைக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் தம்பி அழாமல் தூங்கினான். அம்மா அன்று மெஷினைத் தொடவில்லை. அவன் கண் விழிக்கும்போது முதலில் தன் முகம்தான் தெரிய வேண்டும் என்று அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.