சல்லடைப் பாட்டு

செங்குடியில் காலை எட்டு மணிக்கு மூச்சுவெட்டு தொடங்கும். அன்றைய முறை எந்தத் தெருவுக்கு என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்தத் தெருக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, குழந்தைகளை அழ விடக் கூடாது. அசையாமல் கிடக்கிற உடம்புக்குக் குறைந்த காற்றே போதும் என்பதால் இந்த ஏற்பாடு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஓட்டப்பந்தயம் கிடையாது. நிதானமாக மூச்சு விடும் பிள்ளைக்குத்தான் முதல் பரிசு. பரிசு வாங்கிய பிள்ளையின் அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வருவாள்.

செவ்வாய்க் கிரகத்தின் தரைக்கு அடியில் குடைந்த ஊர் அது. தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஊருக்கு நடுவில் மூச்சாலை. மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவை அங்கிருந்த மூன்று கரிவாங்கி இயந்திரங்கள் உறிஞ்சிக்கொள்ளும். அவற்றின் உயிர்நாடி, உள்ளே இருக்கும் படிகச் சல்லடை. அதைப் பூமியில்தான் செய்ய முடியும். மூன்றாம் கரிவாங்கியின் சல்லடை அடைத்துப்போய் நெடுநாள் ஆகியிருந்தது. சுரங்க நிறுவனத்துக்கு ஊரார் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் பதில் வந்தது: 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.'

மூச்சாலையில் வேலை பார்த்தவர் சகாயராஜ். கைகள் எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். ஓய்வு நாட்களில் 'செம்புழுதி' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பாட்டும் கித்தாரும் யாழ்மொழி. பேஸ் கித்தார் கொற்றவன். கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குகையில் ஒத்திகை நடக்கும். பாடும்போது செலவாகிற காற்றை ஈடுகட்ட மூவரும் மறுநாள் கூடுதலாகப் படுத்துக் கிடந்தார்கள்.

சகாயராஜின் மகள் மெர்லினுக்கு ஏழு வயது. பிறவியிலேயே நெஞ்சு பலவீனம். காற்று கெட்டுப்போன நாட்களில் அவள் மூச்சு சீழ்க்கை அடிக்கும். அப்படிப்பட்ட ஒருநாள், அவளை வீட்டில் விட மனமில்லாமல் ஒத்திகைக்கே தூக்கி வந்தார்.

யாழ்மொழி கித்தாரைக் கீழே வைத்தாள்.

"சகாயண்ணே, விண்ணப்பத்த எவன் படிக்கான்? மெஷின்தான் படிக்கும், மெஷின்தான் பதில் போடும். பாட்டுன்னா மனுசன் கேப்பாம்லா?"

"பாட்டுல போயி சல்லடை கேக்கச் சொல்லுதியா பிள்ள?"

"ஆமா. உவமை, கிவமை ஒண்ணும் வேண்டாம். நேராக் கேப்போம்."

கொற்றவன் சிரித்தான். "அப்போ அளவையும் சேத்துப் பாடிருவோம்."

சேர்த்துத்தான் பாடினார்கள்.

*மூணாங் கரிவாங்கி மூச்சடைச்சுக் கெடக்கு,*
*ஒரு முழ அகலத்துல சல்லடை ஒண்ணு அனுப்பு,*
*அனுப்பு, சீக்கிரம் அனுப்பு!*

வரிகள் ஒரே மூச்சில் வந்துவிட்டன. தாளம்தான் உட்காரவில்லை. சகாயராஜ் எப்படி வாசித்தாலும் ஏதோ ஊர்வலத்துக்கு அடிப்பதுபோல் இருந்தது. சலித்துப்போய் மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது குகையில் ஒரே ஒரு சத்தம் கேட்டது. கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மெர்லினின் மூச்சு. ஏறி, ஓரிடத்தில் முட்டி நின்று, சின்னதாக இரண்டு சீழ்க்கை அடித்து இறங்கியது.

யாழ்மொழி நிமிர்ந்து பார்த்தாள். பார்வை மெர்லினிடமிருந்து மைக்குக்குப் போய் நின்றது. சகாயராஜுக்குப் புரிந்துவிட்டது. அவரே எழுந்து மைக்கை மகளின் வாயருகே கொண்டுபோய் வைத்தார்.

"சும்மா மூச்சு விடு மக்கா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"நானும் ஒங்க பேண்டுல உண்டாப்பா?"

"நீதாம்மா மொதல்ல. நாங்கள்லாம் ஒம் பின்னாலதான்."

அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பரிசுக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்து மூச்சு விட்டாள். அந்த மூச்சைத் தொட்டுத் தொட்டு சகாயராஜின் குச்சிகள் நடந்தன. பிறகு கித்தார்கள் சேர்ந்தன. ஒரே தடவையில் பதிவு முடிந்தது. கொற்றவன் வயரைச் சுருட்டுகிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாட்டு பூமிக்குப் போனது. போன வேகத்திலேயே பற்றிக்கொண்டது. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். கல்யாண வரவேற்புகளில் போட்டார்கள், உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டார்கள். மெர்லினின் இரட்டைச் சீழ்க்கை கைபேசி மணியானது. இளைஞர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடி, தாங்க முடியாத கட்டத்தில் பொத்தென்று விழுவார்கள். அதற்கு மூச்சாட்டம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு விமர்சகர், சல்லடை என்பது மனித மனம், கரிவாங்கி என்பது காலம் என்று விளக்கினார். இன்னொருவர் அதை மறுத்து, சல்லடை என்பது மொழி என்றார். இருவருக்கும் ஆதரவாளர்கள் சேர்ந்தார்கள். சுரங்க நிறுவனமே பாட்டைத் தன் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டது.

ஒரு தொலைக்காட்சி யாழ்மொழியைப் பேட்டி எடுத்தது. கேள்வி வந்து சேரப் பல நிமிடம், பதில் போய்ச் சேரப் பல நிமிடம்.

"அது நெஜமான சல்லடைங்க," என்றாள் அவள். "மெஷினுக்குள்ள போடுத பாகம். எங்களுக்கு வேணும். இங்க காத்து பத்தல. அந்தப் பாட்டுல கேக்குறது ஒரு சின்னப் பிள்ளையோட மூச்சு."

காத்திருந்தாள். வெகுநேரத்துக்குப் பின் திரையில் தொகுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

"எவ்வளவு எளிமையா, எவ்வளவு ஆழமா சொல்லிட்டீங்க! அடுத்த பாட்டு எப்போ?"

மெர்லினுக்கு மட்டும் எல்லாமே கொண்டாட்டமாக இருந்தது. பூமிப் பிள்ளைகள் அவளுக்கு வாழ்த்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் அப்பாவை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். "அவங்க ஊர்ல எல்லாரும் எந்நேரமும் ஓடலாமாப்பா?" என்று கேட்டாள். "ஓடலாம் மக்கா," என்றார்.

பாட்டு முதலிடத்தில் இருந்தபோதே இரண்டாம் கரிவாங்கியும் தடுமாறியது. சகாயராஜ் மூச்சாலையை விட்டு நகர முடியவில்லை. மெர்லின் வீட்டில் அம்மா லூர்துவின் மடியில் திணறிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் செய்தி வீடு வீடாகப் பரவி, முறை வந்த தெரு, வராத தெரு என்று பார்க்காமல் ஊரே போய்ப் படுத்துக்கொண்டது. கடைகள் திறந்தபடி கிடந்தன. சுரங்கத்தில் இறங்கியவர்கள் அங்கேயே பாறைமேல் சாய்ந்தார்கள். தாங்கள் விடாத மூச்சு அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும் என்று அத்தனை பேரும் அசையாமல் கிடந்தார்கள். கொஞ்சம் போயும் சேர்ந்தது. அது போதவில்லை. பிற்பகலில் மெர்லின் இறந்தாள். லூர்து அப்போதும் சத்தம் போட்டு அழவில்லை. அங்கே யாருக்கும் அது பழக்கமில்லை.

பூமி துக்கம் அனுசரித்தது. மக்கள் மெழுகுவத்தி ஏற்றி, பாட்டை இன்னும் ஒருமுறை கேட்டார்கள். நிறுவனம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

சில மாதங்களில் ஒரு கப்பல் வந்தது. நிறுவனத்தின் பிரதிநிதி நிவேதன் இறங்கினார். அவருக்குப் பின்னால் படப்பிடிப்புக் குழுவும், குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரசிகர்களும். ரசிகர்கள் குகையின் சுவரைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார்கள். நிவேதன் ஒரு பேழையைத் திறந்தார். உள்ளே தங்கத்தில் செய்த சல்லடை.

"இந்த வருடத்தின் சிறந்த பாடலுக்கான விருது. உங்களுக்காகவே இந்த வடிவத்துல செய்யச் சொன்னோம் சார்."

சகாயராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது வழியா காத்து போவுமா?"

நிவேதன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். "குறிச்சுக்கோ, குறிச்சுக்கோ. அடுத்த பாட்டுக்கு அருமையான முதல் வரி."

வந்தவர்கள் செங்குடியின் காற்றை வழக்கம்போல் வாரி வாரி இழுத்தார்கள். மறுநாளே தலைவலி. ஒரு ரசிகை படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தாள். எல்லோரும் கப்பலுக்குத் திரும்பி, அங்கிருந்து நிறுவனத்துக்கு ஒரே ஒரு புகார் அனுப்பினார்கள். நிறுவனம் பதறிப்போனது. விரைவுக் கலம் ஒன்று புறப்பட்டு வந்தது. அதில் புத்தம்புதிய படிகச் சல்லடைகள் இருந்தன. பெட்டிகளின் மேல் 'விருந்தினர் வசதிக்காக' என்று அச்சிட்டிருந்தது.

சகாயராஜே அவற்றைப் பொருத்தினார். ஒருவரையும் பக்கத்தில் வரவிடவில்லை. வேலை முடிந்ததும் இயந்திரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். யாழ்மொழி வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

மூச்சுவெட்டு நின்றது. தெருவில் பிள்ளைகளை ஓடச் சொன்னார்கள். ஓடத் தெரியாமல் நான்கு எட்டில் விழுந்து எழுந்தன. கொஞ்ச நாளில் ஊர் பழகிக்கொண்டது. உரக்கப் பேசியது, சண்டை போட்டது, இரண்டு கல்யாணங்களை நடத்தியது. வாராவாரம் பொதுக்கூடத்தில் ஆட்டம்.

சகாயராஜ் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சனிக்கிழமை கொற்றவனும் யாழ்மொழியும் வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். கூடத்தில் ஒரு புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வியாழனின் பனிநிலாவில் குடியேறியவர்களின் பாட்டு. எல்லாக் குடியேற்றங்களிலும் அப்போது அதுதான் பேச்சு. பாஷை புரியாவிட்டாலும் காலைத் தானாக ஆடவைத்தது.

"என்ன சொல்லுதாவ அதுல?" என்று கேட்டார் சகாயராஜ்.

"தெரியலண்ணே. மொழிபெயர்ப்பியப் போட்டா மெட்டு கெட்டுருது," என்றாள் யாழ்மொழி. "தாளத்தக் கேளுங்க. ஒங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

கேட்டார். பாட்டுக்கு அடியில் படபடவென்று சன்னமாக ஒரு சத்தம் ஓடியது. குளிரில் யாருக்கோ பல்லோடு பல் அடித்துக்கொள்வதுபோல, நின்று நின்று, மறுபடி பிடித்துக்கொண்டு. மகள் போனபின் முதல்முறையாக அவர் விரல்கள் துடித்தன. மேடையேறி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்தப் படபடப்பை அப்படியே பிடித்து வாசித்தார். ஊரே ஆடியது. யாழ்மொழி அர்த்தம் தெரியாத வரிகளைக் கூடவே உரக்கப் பாடினாள்.

பாட்டு முடிந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"எவம்ல வாசிச்சது இத? கை என்ன சுத்தம்!" என்றார். "இன்னொரு தடவ போடு."